முட்டி மாற்று ஆபரேஷன்ல ரத்தம் குறைக்கற ஊசி போட்டா ஸ்டென்ட் அடைச்சுக்குமா?

அம்மாவுக்கு 63 வயசு, 68 கிலோ, ரெண்டு முட்டியும் தேஞ்சு போயி அடுத்த மாசம் ஒரே தடவைல ரெண்டையும் மாத்தறதா இருக்கு, ரத்தம் அதிகம் போகாம இருக்க ட்ரானெக்ஸாமிக் ஆசிட்னு ஒரு ஊசி போடுவோம்னு டாக்டர் சொல்லியிருக்கார், ஆனா நாலு வருஷம் முன்னாடி அம்மாவுக்கு இதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு, தினமும் எக்கோஸ்பிரின் 75 (ஆஸ்பிரின் மாத்திரைதான்) போடறாங்க. அப்போ ரத்தத்த நிறுத்தற ஊசி போட்டா ஸ்டென்ட் அடைச்சுக்காதா, அதுவும் ஆபரேஷன் முடிஞ்சதும் ரத்தம் உறையாம இருக்க வேற ஊசி போடுவாங்களாமே, ஒண்ணு உறைய வைக்குது இன்னொண்ணு உறைய விடமாட்டேங்குது, இதுல எத நம்பறதுன்னு கேட்டிருக்கீங்க. கடைசில ஒரு வரி, ஹீமோகுளோபின் 9.8, டாக்டர் ரெண்டு யூனிட் ரத்தம் ரெடி பண்ண சொல்லிட்டார்னு. அந்த வரிய போற போக்குல எழுதிட்டீங்க, எனக்கு முதல்ல கண்ணுல பட்டது அதுதான், அதுக்கு கடைசில வரேன்.

நான் மயக்க மருந்து டாக்டர், இந்தத் துறைல 22 வருஷம், அதுல பெரும்பங்கு எலும்பு ஆபரேஷன் தியேட்டர்லதான். இந்த ஊசிய என் கையால போட ஆரம்பிச்சதுக்கு முன்னாடி முட்டி மாத்தினவங்களையும் பாத்திருக்கேன், அப்புறமும் பாத்துக்கிட்டிருக்கேன். ஆனா உங்க அம்மாவ நான் பாக்கல, அவங்க ஈசிஜி, எக்கோ, கிட்னி ரிப்போர்ட் எதுவும் என் கைல இல்ல, அதனால நான் சொல்றத அவங்க டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கறதுக்கு வச்சுக்கோங்க, முடிவு அவர்கிட்டதான்.

முதல்ல முட்டில ஏன் இவ்வளவு ரத்தம் போகுதுன்னு புரிஞ்சா மத்தது தானா புரியும். தொடை எலும்போட அடிப்பக்கத்தையும் கெண்டைக்கால் எலும்போட மேல்பக்கத்தையும் சீவி எடுக்கறாங்க, தொடை எலும்புக்குள்ள ஒரு கம்பி நுழைச்சு அளவு பாக்கறதும் உண்டு. எலும்போட உள்பக்கம் ஸ்பாஞ்சு மாதிரி, அங்க ரத்தக்குழாய தேடிப் புடிச்சு கட்டவோ சுடவோ முடியாது, கசிஞ்சுகிட்டே இருக்கும். ஆபரேஷன் நேரத்துல தொடைல டூர்னிகேன்னு ஒரு பட்டை கட்டி காத்தடிச்சு ரத்த ஓட்டத்த நிறுத்தி வைப்பாங்க, அதனால தியேட்டருக்குள்ள ரத்தமே போகாத மாதிரி இருக்கும், பட்டைய அவுத்தப்புறம்தான் ஆரம்பிக்கும். டிரெயின் பாட்டில்ல வர்றத மட்டும் பாத்து இவ்வளவுதான் போச்சுன்னு நினைக்கறது தப்பு. 2004ல வந்த ஒரு ஆய்வுல 101 முட்டி மாற்று ஆபரேஷன எடுத்து கணக்கு போட்டாங்க, சராசரியா கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் போயிருக்கு, அதுல பாதி கண்ணுக்கே தெரியாம மூட்டுக்குள்ளயும் தொடை சதைக்குள்ளயும் தேங்கின ரத்தம். மூணாவது நாள் தொடையில இருந்து கணுக்கால் வரைக்கும் நீலம் பாஞ்சு கிடக்கே, அதுதான் அந்த ரத்தம். உங்க அம்மா எடைக்கு மொத்த ரத்தமே நாலு லிட்டர் சொச்சம்தான் இருக்கும். அப்ப இந்த ஊசி பரவலா வரல, இப்ப அளவு குறைஞ்சிருக்கு, ஆனா கசியற இடம் அதேதான்.

இப்ப ஊசி என்ன பண்ணுதுன்னு பாப்போம், உங்க பயத்துக்கு பதில் இங்கதான் இருக்கு. கண்மாய்க் கரை உடைஞ்சா ஊர்க்காரங்க மணல் மூட்டை அடுக்குவாங்கல்ல, அது மாதிரி ரத்தக்குழாய் அறுபட்ட இடத்துல உடம்பு உறைகட்டி போட்டு அடைக்கும், அந்தக் கட்டிய இறுக்கிப் புடிச்சு வைக்கற நூல் வலை மாதிரியான பொருளுக்கு ஃபைப்ரின்னு பேரு. ஆனா அடைச்சது அப்படியே கிடந்தா ஓட்டம் நின்னுடும், அதனால அடுக்கின மூட்டைய பிரிச்சு எடுக்கற ஆளையும் உடம்பு கையோட அனுப்பும், அந்த ஆளு பேரு பிளாஸ்மின். முட்டி ஆபரேஷன்ல சிக்கல் என்னன்னா, டூர்னிகே கட்டி ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரம் ரத்தம் ஓடாம நின்ன காலுக்குள்ள இந்தப் பிரிக்கற வேலைய தூண்டிவிடற பொருள் நிறைய ஊறிடும், பட்டைய அவுத்ததும் அது கிளம்பி, கரை இன்னும் காயறதுக்குள்ளயே மூட்டைய பிரிச்சுப் போட்டுடும். ஆபரேஷன் முடிஞ்ச முதல் சில மணி நேரம் இது உச்சத்துல இருக்கும், ஒரு நாளைக்குள்ள அடங்கிடும்.

ட்ரானெக்ஸாமிக் ஆசிட் அந்தப் பிரிக்கற ஆளோட கைய கட்டிப் போடுது, அவ்வளவுதான். லைசின்னு ஒரு அமினோ அமிலம் இருக்கு, பிளாஸ்மினாகப் போற பிளாஸ்மினோஜென் ஃபைப்ரின் மேல இருக்கற இந்த லைசின புடிச்சுத்தான் ஒட்டிக்கும். இந்த மருந்தோட உருவம் லைசின் மாதிரியே இருக்கறதால அது முந்திக்கிட்டு, லைசின புடிக்கற பிளாஸ்மினோஜெனோட கைல போய் உக்காந்துக்கும், அப்புறம் பிளாஸ்மினோஜெனால கட்டிமேல ஒட்ட முடியாது, கட்டி கரையாது. கவனிங்க, இது புதுசா ஒரு மூட்டையும் கொண்டு வந்து அடுக்கல. அதனால "ரத்தத்த உறைய வைக்கற ஊசி"ன்னு சொல்றது சரியான பேச்சு இல்ல, உறைஞ்சது கரையாம காப்பாத்தற ஊசின்னு சொன்னா பொருந்தும். நீங்க இந்த மருந்த ஏற்கனவே வேற பேர்ல கேள்விப்பட்டிருக்கலாம், மாதவிலக்குல ரத்தம் அதிகமா போனா பெண்களுக்கு எழுதிக் குடுக்கற 500 மி.கி மாத்திரை இதேதான், முகத்துல மங்குக்கு தோல் டாக்டர்ங்க குடுக்கறதும் இதேதான்.

இத கண்டுபிடிச்சவங்களப் பத்தி ரெண்டு வரி சொல்லாம என்னால நகர முடியல. ஜப்பான்ல உடாகோ ஒகமோட்டோன்னு ஒரு அம்மா, கணவர் ஷோசுகேயோட சேர்ந்து, போருக்கப்புறம் கையில காசு இல்லாத காலத்துல, ரத்தத்த ஆராய்ச்சி பண்ணுவோம், பத்தலைன்னா நம்ம ரத்தத்தையே எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணி இதுல இறங்கினாங்க. குழந்தைய முதுகுல கட்டிக்கிட்டு லேப்ல வேலை பாத்தவங்க. 1962ல மருந்த வெளியிட்டாங்க. அவங்க நோக்கமே பிரசவத்துல ரத்தம் போயி சாகற பெண்கள காப்பாத்தறதுதான், ஆனா அன்னைக்கு பிரசவ டாக்டர்ங்கள ஒத்துக்க வைக்க முடியல. 2010ல க்ராஷ்-2ன்னு ஒரு பெரிய ஆய்வு, விபத்துல அடிபட்ட 20,000 பேருக்கு மேல, 40 நாட்டுல, இந்த மருந்து சாவ குறைக்குதுன்னு காட்டுச்சு, 2017ல பிரசவ ரத்தப்போக்குலயும் 20,000 பெண்கள்ல பாத்து ரத்தம் போயி சாகறது குறையுதுன்னு காட்டினாங்க. அந்த அம்மா 2016லயே, 98 வயசுல போயிட்டாங்க, அந்த முடிவ பாக்கல. அதெல்லாம் உயிர் போற அவசரத்துக்கான ஆய்வு, நம்ம முட்டிக்கு நேரடி சாட்சி கிடையாது, ஆனா இந்த மருந்து நேத்து கம்பெனிக்காரன் கொண்டு வந்து குடுத்தது இல்லங்கறதுக்காக சொல்றேன்.

முட்டிக்கு நேரடி சாட்சி தனியா இருக்கு, நிறையவே இருக்கு. 90கள்ல ஃபின்லாந்துலயும் ஸ்வீடன்லயும் ஆரம்பிச்சாங்க. 2011ல, அதுவரைக்கும் வந்த 19 ஆய்வுகள சேர்த்து கூட்டிப் பாத்ததுல ஊசி போட்டவங்களுக்கு சராசரியா 590 மி.லி ரத்தம் மிச்சமாகியிருந்தது, ரத்தம் ஏத்த வேண்டி வந்தவங்களும் பாதிக்கும் கீழ. அமெரிக்காவுல 2006ல இருந்து 2012 வரைக்கும் 510 மருத்துவமனைல இடுப்பும் முட்டியும் மாத்தின எட்டு லட்சத்து எழுபதாயிரம் பேரோட பதிவ எடுத்துப் பாத்தாங்க, ஊசி போட்டவங்கள்ல ரத்தம் ஏத்தினது 7.7 சதவீதம், போடாதவங்கள்ல 20.1 சதவீதம். ரத்த இழப்ப குறைக்குமா, ரத்தம் ஏத்தறத குறைக்குமான்னா, குறைக்கும், இதுல எனக்கு எள்ளளவு சந்தேகமும் இல்ல. வீக்கம் கம்மியாகி பிசியோதெரபி சீக்கிரம் பண்ணலாம், கிருமி தொத்தறது குறையும்னு எல்லாம் சொல்றாங்க, நானும் கால் வீக்கம் கம்மியா இருக்கறத வார்டுல பாத்திருக்கேன், ஆனா அதுக்கு இருக்கற சாட்சி ரத்தம் மிச்சமாகறதுக்கு இருக்கற அளவு கெட்டி இல்ல.

சரி, அடைப்பு. அந்த அமெரிக்கப் பதிவுல கட்டி அடைக்கற சிக்கல் ஊசி போட்டவங்களுக்கு 0.6, போடாதவங்களுக்கு 0.8 சதவீதம். கேக்க நல்லா இருக்கு, ஆனா இத அப்படியே எடுத்துக்கக் கூடாது, ஏன்னா அது பின்னாடி உக்காந்து பதிவ புரட்டின ஆய்வு, ரிஸ்க் அதிகம் இருக்கறவங்களுக்கு டாக்டரே ஊசி போடாம விட்டிருப்பார், அப்ப ஊசி போட்டவங்க கூட்டம் தானாவே ஆரோக்கியமா தெரியும். அதனால குலுக்கல் முறைல பிரிச்சுப் பண்ணின ஆய்வுகளத்தான் நம்பணும். 2021ல அப்படிப்பட்ட 216 ஆய்வு, எல்லா வகை நோயாளியும் சேர்த்து 1,25,550 பேர், அடைப்பு வந்தது ஊசி போட்டவங்களுக்கு 2.1 சதவீதம், போடாதவங்களுக்கு 2.0, வித்தியாசம் இல்லன்னே சொல்லலாம். அமெரிக்காவுல மூட்டு மாற்று டாக்டர்களும் மயக்க மருந்து டாக்டர்களும் சேர்ந்து 2018ல போட்ட வழிகாட்டுதலும், முன்னாடி ரத்தக்கட்டி வராதவங்களுக்கு இந்த மருந்தால ரிஸ்க் கூடலைன்னுதான் சொல்லுது.

இப்ப உங்க அம்மா மாதிரி ஸ்டென்ட் வச்சவங்க. இங்க நான் குரல கொஞ்சம் இறக்கித்தான் பேசணும். முட்டி ஆய்வுகள் பலதுல ஸ்டென்ட், ஹார்ட் அட்டாக், பக்கவாதம், கால்ல ரத்தக்கட்டி வந்தவங்கள முதல்லயே வெளிய நிறுத்திட்டாங்க, அப்ப அந்த நல்ல முடிவ அவங்களுக்கும் சேர்த்து சொல்ல முடியாது. இந்த ஓட்டைய ஓரளவு அடைச்சது 2022ல வந்த பாய்ஸ்-3 ஆய்வு. இதயம் தவிர்த்த மத்த ஆபரேஷன், 45 வயசுக்கு மேல, இதயமோ ரத்தக்குழாயோ பாதிக்கற ரிஸ்க் இருக்கறவங்களையே தேடி எடுத்தாங்க, 9,535 பேர், ஆபரேஷன் ஆரம்பத்துல 1 கிராம் முடிவுல 1 கிராம். பெரிய ரத்தப்போக்கு 11.7ல இருந்து 9.1 சதவீதமா குறைஞ்சது. இதய, ரத்தக்குழாய் சிக்கல் ஊசி போட்டவங்களுக்கு 14.2, போடாதவங்களுக்கு 13.9. வித்தியாசம் ரொம்ப சின்னது, ஆனா அவங்களே முன்கூட்டி வச்ச கண்டிப்பான அளவுகோல்படி "ரிஸ்க் கூடலை"ன்னு முத்திரை குத்த முடியல. இதுக்கு என் அர்த்தம் என்னன்னா, கூடுதல் ரிஸ்க் இருந்தா அது சின்னது, இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ண முடியாது. அதோட இன்னொரு தட்டுல என்ன இருக்குன்னும் பாக்கணும், ரத்தம் ஏகமா போயி ஹீமோகுளோபின் 7க்கு இறங்கி பிரஷர் விழுந்து நாடி 120ல ஓடற நிலைமை ஸ்டென்ட் வச்ச இதயத்துக்கு நல்லதே இல்ல, ஹார்ட் அட்டாக் அந்த வழிலயும் வரும். நாலு வருஷம் பழைய ஸ்டென்ட், அதுக்கப்புறம் நெஞ்சுவலி இல்ல, எக்கோ நல்லா இருக்குன்னா நான் தைரியமா ஊசி போடுவேன், போட்டுக்கிட்டும் இருக்கேன். ஸ்டென்ட் வச்சு ஆறு மாசம் ஆகலைன்னா ஆபரேஷனையே தள்ளி வைக்க சொல்லுவேன். இப்ப கால்லயோ நுரையீரல்லயோ ரத்தக்கட்டி இருந்து அதுக்கு மருந்து ஓடிக்கிட்டிருக்கறவங்களுக்கு போடவே மாட்டேன்.

ரிஸ்க் இருக்கறவங்களுக்கு சில சர்ஜன்கள் நரம்புல போடாம, தையல் போடறதுக்கு முன்னாடி மருந்த சலைன்ல கலந்து மூட்டுக்குள்ளயே ஊத்திடுவாங்க, 1 கிராம்ல இருந்து 3 கிராம் வரைக்கும். அப்படி ஊத்தினா உடம்பு ரத்தத்துல கலக்கற அளவு நரம்புல போட்டா இருக்கறதுல பாதிக்கும் கீழதான்னு 2010ல ஒரு கனடா ஆய்வுல அளந்து பாத்திருக்காங்க. ரத்தத்த மிச்சப்படுத்தறதுல நரம்பு வழி, மூட்டு வழி, வாய் வழி மாத்திரை மூணுக்கும் பெரிய ஏத்த இறக்கம் இல்ல, அதனால உங்க டாக்டர் மூட்டுக்குள்ள ஊத்தலாம்னு சொன்னா அது கை குறைஞ்ச வைத்தியம்னு நினைக்காதீங்க. ஆனா அப்படி ஊத்தினா ஸ்டென்ட்டுக்கு கூடுதல் பாதுகாப்புன்னு நிரூபிச்ச ஆய்வு கிடையாது, அது நியாயமான யூகம்தான். நான் வழக்கமா பண்றது, டூர்னிகே காத்தடிக்கறதுக்கு முன்னாடி 1 கிராம், மெதுவா பத்து நிமிஷம் எடுத்து (வேகமா போட்டா பிரஷர் இறங்கும்), மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு 1 கிராம். ரெண்டாவது டோஸ் தேவையான்னு டாக்டர்களுக்குள்ளயே வாதம் இருக்கு, ஒரு டோஸுக்கு மேல குடுத்தா பெரிய லாபம் இல்லன்னுதான் வழிகாட்டுதல் சொல்லுது, ஸ்டென்ட் இருக்கறவங்களுக்கு நான் பெரும்பாலும் ஒண்ணோட நிறுத்திக்கறேன். முதல் டோஸ் கத்தி வைக்கறதுக்கு முன்னாடி போகணும்ங்கறதுல மட்டும் நான் விட்டுக்குடுக்கறதில்ல.

ஒண்ணு உறைய வைக்குது இன்னொண்ணு உறைய விடலையேங்கற கேள்வி நல்ல கேள்வி, வார்டுல ரவுண்ட்ஸ் போறப்ப படிச்சவங்களும் கேப்பாங்க. ரெண்டும் ஒரே நேரத்துல ஒரே வேலைய பண்ணலை. ட்ரானெக்ஸாமிக் ஆசிட் ரத்தத்துல பாதியா குறைய ரெண்டு மூணு மணி நேரம் போதும், கிட்னி நல்லா இருந்தா அன்னைக்கு ராத்திரிக்குள்ள பெரும்பகுதி மூத்திரத்துல போயிடும். காயம் பச்சையா இருக்கற முதல் சில மணி நேரத்துக்குத்தான் அதோட வேலை. கால அசைக்காம படுத்துக் கிடந்து கெண்டைக்கால் ரத்தக்குழாய்ல கட்டி புடிக்கறது அடுத்த சில நாள்ல, சில வாரத்துல வர்ற சங்கதி, அதுக்குத்தான் அரை நாள் கழிச்சோ மறுநாளோ ஆஸ்பிரினோ, வயித்துல போடற ஹெப்பாரின் வகை ஊசியோ, ரிவரோக்ஸபான் மாத்திரையோ ஆரம்பிப்பாங்க. அந்த மருந்தெல்லாம் மூட்டை அடுக்கற ஆளுங்கள கட்டுப்படுத்துது, நம்ம ஊசி பிரிக்கற ஆள கட்டுப்படுத்துச்சு. ட்ரானெக்ஸாமிக் போட்டாச்சுன்னு அந்த மாத்திரைய விட்டுடவும் கூடாது, வீட்டுக்கு வந்தப்புறம் எத்தனை நாள் போடணும்னு டிஸ்சார்ஜ் சீட்டுல தேதியோட எழுதி வாங்கிக்கோங்க. எக்கோஸ்பிரின பொறுத்தவரைக்கும் ஸ்டென்ட் இருக்கறவங்களுக்கு நாங்க பெரும்பாலும் நிறுத்தறதில்ல. கூட க்ளோபிடோக்ரெல்னு ரத்தம் உறையாம இருக்க இன்னொரு மாத்திரை இருந்தா அத மட்டும் அஞ்சுல இருந்து ஏழு நாள் முன்னாடி நிறுத்துவோம், அதுவும் இதய டாக்டர கேட்டு. பக்கத்து வீட்டுல சொன்னாங்கன்னு நீங்களா எக்கோஸ்பிரின நிறுத்திடாதீங்க, ஸ்டென்ட் அடைக்கறதுக்கு இந்த ஊசிய விட அதுதான் பெரிய காரணமாயிடும்.

டாக்டர்கிட்ட மறக்காம சொல்ல வேண்டியது சிலது இருக்கு. கிட்னி, ஏன்னா இந்த மருந்து வெளிய போற வழியே அதுதான், கிரியாட்டினின் ஏறியிருந்தா டோஸ குறைக்கணும். வலிப்பு, அம்மாவுக்கு எப்பவாவது வந்திருந்தா கண்டிப்பா சொல்லணும், இதய ஆபரேஷன்ல 2017ல பண்ணின ஆய்வுல ஊசி போட்டவங்களுக்கு 0.7 சதவீதம், போடாதவங்களுக்கு 0.1 சதவீதம் வலிப்பு வந்துச்சு, ஆனா அங்க போட்டது கிலோவுக்கு 50ல இருந்து 100 மி.கி, முட்டிக்கு நாங்க போடறது கிலோவுக்கு 10ல இருந்து 20 மி.கிதான். அளவு கூடினா ஆபத்து கூடும், அதனாலதான் "நல்ல மருந்துதானே, இன்னும் ரெண்டு ஆம்பியூல் போடுவோம்"ங்கற பேச்ச நான் அனுமதிக்கறதில்ல. நிறம் பிரிச்சுப் பாக்கறதுல இடையில வந்த கோளாறு இருந்தாலும் சொல்லணும்.

இதுல வெளிய யாரும் பேசாத ஒரு ஆபத்து இருக்கு, அது மருந்தோட குணத்தால வர்றது இல்ல, எங்க கையால வர்றது. முட்டி ஆபரேஷன் நம்ம ஊர்ல பெரும்பாலும் முதுகுத் தண்டுல ஊசி போட்டு இடுப்புக்கு கீழ மரத்துப் போக வச்சுத்தான் பண்றோம். அப்படி மரத்துப் போக வைக்கற புபிவக்கெய்ன் ஆம்பியூலும் ட்ரானெக்ஸாமிக் ஆம்பியூலும் சில கம்பெனில பாத்தா ஒரே மாதிரி சின்னக் கண்ணாடி, உள்ள ரெண்டும் தண்ணி மாதிரி. மாத்தி எடுத்து ட்ரானெக்ஸாமிக்க முதுகுத் தண்டுல போட்டுட்டா கால் மரத்துப் போகாது, சகிக்க முடியாத வலி, உடம்பு தூக்கித் தூக்கிப் போடும், அடங்காத வலிப்பு, பதிவான கேஸ்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் இறந்திருக்காங்க. 2020 டிசம்பர்ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டுத் துறையும் 2022ல உலக சுகாதார நிறுவனமும் இதுக்குன்னே எச்சரிக்கை விட்டாங்க. நான் முன்னாடி வேலை பாத்த ஒரு மருத்துவமனைல ரெண்டையும் ஒரே டிரேல வச்சிருந்தாங்க, ஒரு நாள் நர்ஸ் உடைச்சு நீட்டினத சிரிஞ்சுல இழுக்கறதுக்கு முன்னாடி வழக்கம்போல லேபிள படிச்சேன், ட்ரானெக்ஸாமிக். அந்த அம்மா முதுக வளைச்சு எனக்காக காத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அந்த நர்ஸ் மேல தப்பு சொல்ல மாட்டேன், ரெண்டையும் ஒரே இடத்துல வச்ச ஏற்பாட்டுலதான் தப்பு. அன்னைல இருந்து முதுகுல ஊசி போட்டு முடிக்கற வரைக்கும் ட்ரானெக்ஸாமிக் அந்த ரூம்ல மயக்க மருந்து மேஜை பக்கமே வரக்கூடாதுன்னு நான் வேலை பாக்கற எல்லா இடத்துலயும் சொல்லி வச்சிருக்கேன். நீங்க மயக்க மருந்து டாக்டர பாக்கறப்ப "ரெண்டு மருந்தையும் தனித்தனியா வைப்பீங்களா"ன்னு கேளுங்க, நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார்.

இப்ப அந்த 9.8க்கு வரேன். ஊசி போற ரத்தத்த குறைக்கும், ஏற்கனவே குறைஞ்சு கிடக்கற குடத்த நிரப்பாது. ஹீமோகுளோபின் 13 இருக்கறவங்க ரெண்டரை மூணு இறங்கினாலும் பத்துக்கு மேல நிப்பாங்க, 9.8ல இருந்து அதே அளவு இறங்கினா 7 கிட்ட வந்து நிப்பாங்க, அதுவும் ஒரே தடவைல ரெண்டு முட்டின்னா இழப்பும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ரத்தம் ஏத்த வேண்டி வருமா வராதான்னு முடிவு பண்றதுல ஆபரேஷனுக்கு முன்னாடி ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்ததுங்கறது முக்கியமான எண், அத சரி பண்ணாம ஊசிய மட்டும் நம்பி உள்ள போறது எனக்கு சம்மதம் இல்ல.

63 வயசுல மாதவிலக்கு நின்னு பல வருஷம் ஆன பெண்ணுக்கு ஏன் 9.8னு யாராவது கேட்டாங்களா? முட்டி வலிக்காரங்க கிட்ட நான் திரும்பத் திரும்ப பாக்கற கதை இது, ஏழெட்டு வருஷமா டிக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக்னு வலி மாத்திரைய மெடிக்கல் ஷாப்ல தானா வாங்கிப் போட்டிருப்பாங்க, கூட எக்கோஸ்பிரின், ரெண்டும் சேர்ந்து வயித்துல புண்ணாக்கி சொட்டு சொட்டா ரத்தம் கசிஞ்சுகிட்டே இருக்கும், வலி கூட தெரியாது, மலம் கருப்பா போறத யாரும் சொல்லவும் மாட்டாங்க. அதே மாத்திரை கிட்னியையும் தேய்க்கும், நான் மேல சொன்ன டோஸ் விஷயம் அங்க வந்து நிக்குது. அதனால ஃபெர்ரிட்டின் (உடம்புல சேமிப்பா இருக்கற இரும்ப காட்டும்), பி12, கிரியாட்டினின், மலத்துல மறைஞ்ச ரத்தம், இந்த நாலு டெஸ்ட்டும் எடுங்க, இரும்புச்சத்து குறைவுன்னு வந்தா வயித்து டாக்டர்கிட்ட காட்டி எண்டோஸ்கோப்பி வேணுமா, குடலையும் பாக்கணுமான்னு கேளுங்க, இந்த வயசுல அத தள்ளிப் போடக் கூடாது. வலி மாத்திரைய இப்பவே நிறுத்திட்டு பாராசிட்டமாலுக்கு மாறலாமான்னும் கேளுங்க.

இரும்பு குறைஞ்சிருந்தா ஏத்தறதுக்கு வழி இருக்கு. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் நல்லதுதான், ஆனா ஒரு மாசத்துல 9.8ஐ 12 ஆக்கற வேலை அதால ஆகாது. இரும்பு மாத்திரை போட்டா காபி டீ, கால்சியம் மாத்திரை, அசிடிட்டி மாத்திரை எதோடயும் சேர்க்காம ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடணும், நம்ம வீட்டுல அம்மாக்கள் காலைல எல்லா மாத்திரையையும் உள்ளங்கைல கொட்டி காபியோட முழுங்கறதாலதான் பாதி இரும்பு வீணாகுது. நாள் கம்மின்னா இரும்ப நரம்பு வழியா ஏத்தலாம், ஃபெர்ரிக் கார்பாக்ஸிமால்டோஸ் 1000 மி.கி வரைக்கும் ஒரே தடவைல கால் மணி நேரத்துல போயிடும், பலன் தெரிய மூணு நாலு வாரம் ஆகும். இதுலயும் ஒரு சந்தேகத்த மறைக்காம சொல்லணும், பிரிட்டன்ல வயித்து ஆபரேஷனுக்கு முன்னாடி இப்படி இரும்பு ஏத்திப் பாத்த 2020 ஆய்வுல ரத்தம் ஏத்தறது குறையல. அங்க எல்லாருக்கும் இரும்புதான் குறைஞ்சிருந்ததுன்னு பிரிச்சு எடுக்கல, பல பேருக்கு நாளும் போதல, அதனால ஃபெர்ரிட்டின் குறைஞ்சிருக்குன்னு உறுதியாகி ஒரு மாச அவகாசமும் இருக்கற முட்டி நோயாளிக்கு நான் இத இன்னும் சிபாரிசு பண்றேன், ஆனா ட்ரானெக்ஸாமிக்குக்கு சொன்ன உறுதியோட இத சொல்ல மாட்டேன்.

ரெண்டு யூனிட் ரெடி பண்ண சொன்னதுல தப்பில்ல, ரத்த வங்கில பொருத்தம் பாத்து எடுத்து வச்சிருக்கட்டும். ஆனா வச்சிருக்கோமேன்னு "தெம்புக்கு" ஏத்தறது வேண்டாம். 2011ல இதய நோயோ அதுக்கான ரிஸ்க்கோ இருந்த, இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆன 2,016 வயசானவங்கள்ல, 10க்கு கீழ போனதும் ஏத்தறது, 8க்கு கீழ போனாலோ தொந்தரவு தெரிஞ்சாலோ மட்டும் ஏத்தறதுன்னு ரெண்டா பிரிச்சுப் பாத்தாங்க, முன்ன சொன்னவங்க அதிகமா பிழைக்கவும் இல்ல, நல்லா நடக்கவும் இல்ல. உங்க அம்மாவுக்கும் 8ங்கறத எல்லையா வச்சு, நெஞ்சுவலி, மூச்சு வாங்கறது, நிக்கறப்ப தலை சுத்தறது இருந்தா அதுக்கு முன்னாடியே ஏத்தறதுன்னு டாக்டரோட பேசி வச்சுக்கோங்க.

என் அம்மாவா இருந்தா அடுத்த மாசத் தேதிய ஆறு வாரமாவது தள்ளுவேன், முட்டி அவசர ஆபரேஷன் கிடையாது. ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணாம ஒண்ண முடிச்சு மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு பண்ண முடியுமான்னு சர்ஜன்கிட்ட கேப்பேன், செலவும் படுக்கையும் ரெண்டு தடவை ஆகும்னு தெரியும், ஆனா ஸ்டென்ட்டும் 9.8ம் சேர்ந்திருக்கற உடம்புக்கு அதுதான் எனக்குப் படற வழி. கத்தி வைக்கறதுக்கு முன்னாடி 1 கிராம் ட்ரானெக்ஸாமிக்க வேணாம்னு சொல்லவே மாட்டேன், ஒரு யூனிட் ரத்தத்துக்கு ஆகற செலவுல அது சின்னப் பங்குதான். இதய டாக்டர்கிட்ட எக்கோ எடுத்துட்டு, ஃபெர்ரிட்டினும் கிரியாட்டினினும் எவ்வளவுன்னு இங்கயே எழுதுங்க, அம்மா இப்ப என்னென்ன மாத்திரை போடறாங்கன்னு மெடிக்கல் ஷாப்ல தானா வாங்கறதையும் சேர்த்து போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.